கழுவல் எண்ணெய்

அவளுக்குத் தொழில் தையல். தெருவில் பெயரோ வக்கீலம்மா. அவள் தைப்பதெல்லாம் தலையணை உறையும் பள்ளிக்கூடச் சீருடையும்தான், கறுப்புக் கோட்டு அல்ல. அவள் கடைக்குள் கால் வைத்தாலே கடைக்காரர்கள் கூண்டில் ஏறிய சாட்சி மாதிரி திருதிருவென்று விழிப்பார்கள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

"இந்த ரொட்டியில என்ன மாவு? அதே அடுப்புல வேற என்னல்லாம் வேகுது?"

"அதெல்லாம் மேல இருந்து வருதும்மா," என்பார் ரொட்டிக்கடைக்காரர்.

"மேலன்னா? வானத்துல இருந்தா?"

வம்புக்காக அவள் கேட்கவில்லை. ஆறு வயது மகளுக்கு நிலக்கடலை ஆகாது. துளி வாயில் பட்டாலும் முகம் வீங்கும், மூச்சு இழுக்கும். வீட்டில் கடலை என்ற பேச்சே கிடையாது. அப்படியும் அவ்வப்போது பிள்ளையை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தது. "எதுலயோ கலந்து உள்ள போகுது. எதுலன்னு கண்டுபிடிங்க. எல்லாத் தடவையும் நேரத்துக்கு வந்து சேர முடியாது," என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சொல்வது சுலபம். பிஸ்கட் கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கை காட்டினார். மொத்த வியாபாரி லாரி டிரைவரைக் காட்டினார். டிரைவர் டீயை ஊதிக்கொண்டே, "நான் ஏத்துறேன், இறக்குறேன், அவ்வளவுதான்க்கா," என்றான். மனிதர்கள் தின்கிற பொருளுக்கு அப்பன் ஆத்தாள் கிடையாதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விற்பது இன்னதென்று தெரியாததில் ஒருத்தருக்காவது வெட்கம் வேண்டாமா? ரொட்டியை நிறுத்தினாள், பிஸ்கட்டை நிறுத்தினாள், பள்ளி வாசல் ஐஸையும் நிறுத்தினாள். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்த தடவை பிள்ளைக்கு மூச்சு இழுத்தது வீட்டுச் சமையலில். அவளே அரிந்து அவளே வறுத்த உருளைக்கிழங்கு. பிள்ளை தேறி வீடு திரும்பியதும் அவள் அடுக்களையையே கவிழ்த்துப் போட்டாள். கணவன் எண்ணெய் ஆலையில் மிஷின் ஓட்டுபவன். கூடமாட ஒத்தாசைக்கு வந்தவன், மூலையிலிருந்த கேனை மட்டும் ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"அதை ஏன் ஒதுக்குறீங்க?"

"இது நம்ம ஆலை எண்ணெய்தானே? சூரியகாந்தி. கழுவல்னு அப்பப்ப ஓசில குடுப்பாங்களே."

"கழுவல்னா?"

இதுகூடத் தெரியாதா என்கிற அலுப்போடு விளக்கினான். ஒரு விதையை ஆட்டி முடித்து மிஷினில் வேறு விதையைப் போட்டால், உள்ளே தங்கிய பழைய எண்ணெயைப் புதுசுதான் கழுவி வெளியே தள்ளும். முதலில் வருவது கலப்பு, கடைக்குப் போகாது. அதை வேலையாட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள்.

"சூரியகாந்திக்கு முன்னாடி என்ன ஆட்டுனீங்க?"

"கட..." என்றவன் வாய் அப்படியே நின்றுவிட்டது.

"அடப்பாவி மனுஷா! ஊர்ல ஒருத்தன் விடாம கேட்டேனே!"

"என்னைக் கேக்கலையே," என்றான். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. தலையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஊரையே கூண்டில் ஏற்றிய வக்கீலம்மா இவனை மட்டும் ஏற்றவில்லைதான். வீட்டுக்காரன் கையால் கொண்டு வந்ததை யார் விசாரிப்பார்கள்? கடலை வேறு, ஓசி எண்ணெய் வேறு என்று அவளும்தான் இருந்திருக்கிறாள். அதுவும் அவள் கையால்தானே சட்டியில் விழுந்தது. எரிச்சல் தீரக் கேனைத் தூக்கி வெளியே வீசினாள். தீரவில்லை.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவன் உள்ளே வரவில்லை. வாசல் குழாயடியில் நின்று கையைத் தேய் தேயென்று தேய்த்தான். மகள் வழக்கம்போல ஓடினாள்.

"கிட்ட வராதே!" என்று கத்தினான். "உடம்பெல்லாம் கடலை!"

பிள்ளை அப்படியே நின்றது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

"அம்மா, அப்பா எனக்கு ஆகாதா?"

அவனுக்குச் சோப்பு கையிலிருந்து நழுவியது.

"யாருடி சொன்னா?" அவள் வாளியை இழுத்துக்கொண்டு போனாள். "அந்தச் சட்டைதான் ஆகாது. கழட்டுங்க. தெரு பார்த்தா பாக்கட்டும்." அவன் தலையில் தண்ணீரைக் கவிழ்த்தாள். "உங்கப்பா ஆகும்டி. ஆகும். இரு, குளிப்பாட்டித் தர்றேன்."