மலைப் பக்கம் அடிக்காத பெனால்டி

எங்கள் ஊரில் மலைதான் சாமி. மலையைப் பார்த்துக் காலை நீட்டி யாரும் படுப்பதில்லை. படுக்காமல் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பெனால்டி உதைக்கும்போதும் அந்த மரியாதையைக் காட்டினால் என்னைப் போல ஒரு கோல்கீப்பர் என்னதான் செய்வான்?

தொண்ணூறுகளின் தொடக்கம். பிளஸ் டூ முடிக்கப் போகிறேன், மார்க் கம்மி. மாவட்டப் போட்டியில் ஜெயித்த சான்றிதழ் இருந்தால் விளையாட்டுக் கோட்டாவில் காலேஜ் சீட். இல்லையென்றால் அப்பாவின் பூஜைச் சாமான் கடை.

இறுதி ஆட்டம் அடி அண்ணாமலைப் பையன்களோடு. ஆட்டம் சமனில் முடிய, அணிக்கு ஐந்து பெனால்டி என்றார் நடுவர். அவர் காட்டிய கோலுக்குப் பின்னால், ஒரு கம்பத்துக்கு மேலே மலை உச்சி. இன்னொரு கம்பத்தின் பக்கம் ரோடு. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஆட்கள் எல்லாரும் ரோட்டுப் பக்கம்தான் அடிப்பார்கள். அது அவர்களுடைய கீப்பருக்கும் தெரியும். அவனும் இந்த மலையடியில் வளர்ந்தவன்தானே.

"டேய், மலைப் பக்கம் அடிங்கடா. அவன் அங்க பாயவே மாட்டான்" என்றேன்.

கேப்டன் காதைப் பொத்திக்கொண்டான். "சாமி மேல உதைக்கச் சொல்றியா? வீட்ல தெரிஞ்சா சோறு போட மாட்டாங்க."

"சாமி எங்கயோ தூரத்துல இருக்குடா. நடுவுல வலை இருக்கு!"

சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒவ்வொருவனாகப் போனான், மலையைக் கும்பிட்டான், ரோட்டுப் பக்கம் உதைத்தான். பலமாக உதைத்தது நுழைந்தது. தயங்கி உதைத்ததை அந்தக் கீப்பர் சாவகாசமாக அள்ளிக்கொண்டான். அவர்களும் அதே லட்சணம் என்பதால் நானும் பிடித்தேன். நான்கு நான்கு உதை முடிந்தபோது இரண்டு அணியும் சமம். ஐந்தாவதாகப் போன எங்கள் கேப்டன், நான் கத்தக் கத்த, பந்தை அந்தக் கீப்பர் கையிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தான். தலையில் அடித்துக்கொண்டேன்.

இனி அவர்களுடைய கடைசி உதை. நுழைந்தால் தோற்றோம். தடுத்துவிட்டால் அடுத்ததை நானே உதைப்பது என்று முடிவு செய்திருந்தேன். மலைப் பக்கம் எப்படி அடிப்பதென்று இந்த மடையன்களுக்குக் காட்டியிருப்பேன்.

வந்தவன் ஒல்லிப் பையன், நெற்றி நிறைய விபூதி. பந்தை வைத்தான். மலையைப் பார்த்து வெகுநேரம் கும்பிட்டான். எனக்கிருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போயிற்று. அவன் கால் அசைந்ததும் ரோட்டுப் பக்கம் பாய்ந்து விழுந்தேன்.

பந்து மலைப் பக்கம் போனது.

மண்ணிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தால், அவன் குதிக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தான். "அண்ணாமலையாரே, தெரிஞ்சுதான் பண்ணேன், மன்னிச்சுக்கப்பா."

உதைத்துவிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று எங்களில் ஒருவனுக்காவது தோன்றியதா? எனக்கே தோன்றவில்லை, அதுதான் இன்றைக்கும் எரிச்சல். சாமி அவனை மன்னித்துவிட்டார். அவன் காலேஜுக்குப் போனான். நான் கடையில் உட்கார்ந்து பௌர்ணமிக் கூட்டத்துக்குக் கற்பூரம் மடித்துக் கொடுத்தேன்.