அக்கா நடத்திய ஒத்திகை

அக்காவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவாள். வக்கீல் வேலைக்கும் அவளுக்கும் இருந்த ஒரே சம்பந்தம், சட்டம் படித்துவிட்டு வீட்டில் வெட்டியாக உட்கார்ந்திருந்த நான்தான்.

ஒரு பெரிய சட்ட நிறுவனத்திலிருந்து 'அசெஸ்மென்ட் டே' என்ற ஆள் எடுக்கும் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எழுத்துத் தேர்வு, குழு விவாதம், நேர்காணல் என்று ஒரே நாளில் ஆளைப் பிழிந்து எடுத்துவிடுவார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. அக்கா விடவில்லை. தேர்வுக்கு இருந்த பத்து நாளும், கடையிலிருந்து வந்ததும் குழு விவாதத்துக்காக நாலு நாற்காலியை வட்டமாகப் போட்டு, மூன்றில் மாறி மாறி உட்கார்ந்து மூன்று பேராகவும் என்னோடு சண்டை போடுவாள். நேர்காணலுக்கு மட்டும் லென்ஸ் இல்லாத ஒரு ஃப்ரேமை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, "உங்களை நாங்க ஏன் சார் எடுக்கணும்?" என்பாள். நான் சிரித்தால் பேனாவால் தலையில் ஒரு தட்டு.

ஒரு நாள் வக்கீலிடம் வழக்கோடு வரும் கட்சிக்காரராக நடித்தாள். "என்ன பிரச்சினை, சொல்லுங்கம்மா" என்றேன். நடிப்பாகத்தான் ஆரம்பித்தாள். அப்புறம் குரல் மாறிவிட்டது. அதுவரை, அத்தான் குடிக்கிறார், அதனால் விட்டு வந்துவிட்டேன் என்றுதான் அம்மாவிலிருந்து அக்கம்பக்கம் வரை எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

"அவர் ஒரு நாளும் குடிச்சதில்லடா. அவர்தான் என்னை வேண்டாம்னு சொல்லிட்டார். திரும்பக் கூப்பிடுவார்னு சாயங்காலம் வரைக்கும் பஸ் ஸ்டாப்லயே உட்கார்ந்திருந்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே."

சத்தியம் செய்தேன்.

தேர்வு நாளில் மத்தியானம் வரை எல்லாம் நன்றாகவே போனது. நேர்காணலில் எதிரே மூன்று பேர். நடுவில் இருந்த பெண் வழக்கறிஞர் கேட்டார்: "ஒருத்தர் நம்பிச் சொன்ன ரகசியத்தை நீங்க காப்பாத்தின சம்பவம் ஏதாவது இருக்கா?"

என் புத்தி போன போக்கைப் பாருங்கள். மடை திறந்த மாதிரி கொட்டிவிட்டேன். என் அக்கா என்றே சொன்னேன். பஸ் ஸ்டாப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. "இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல மேடம்" என்று பெருமையாக வேறு முடித்தேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "இப்ப எங்ககிட்ட சொல்லிட்டீங்களே" என்றார். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அதற்கப்புறம் என்ன உளறினேனோ, நினைவில்லை. வேலை கிடைக்காமல் போனதே என்ற வருத்தம்கூட வரவில்லை. வெட்கம்தான். இன்றைக்கும் அது போகவில்லை.

வீட்டுக்கு வந்து, சரியாகப் போகவில்லை என்றேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "போனா போகுது, விடு. எங்க சொதப்பினே? சொல்லு, அடுத்த தடவைக்குச் சரி பண்ணிடலாம்."

பொய் வாய் வரை வந்தது. ஆனாலும் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"எத்தனை பேர் இருந்தாங்க?"

"மூணு பேர்."

"பஸ் ஸ்டாப்ல உட்கார்ந்திருந்ததையுமா சொன்னே?"

தலையாட்டினேன்.

"அதையாவது விட்டிருக்கலாமேடா" என்றாள்.