கர்சாங்கின் பெயரெழுதிய தாள்

மெந்தோ அண்ணிக்கு வாய் அதிகம் என்று எங்கள் மலையூர் கொம்தாங்கில் எல்லாரும் சொல்வார்கள். சொல்பவர்களில் பாதிப் பேர் அவள் காய்ச்சிய சாராயத்தைக் குடித்துவிட்டுத்தான் சொல்வார்கள். நான்கு கட்டில் போட்ட வீடு அவளுடையது. மலையேற வரும் வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் ஊரில் ஓர் இரவு தங்குவது அங்கேதான். அவர்களை அழைத்து வருபவன் நான். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. கூட்டத்தோடு நான் வாசலில் போய் நின்றதும் அவள் கேட்பது ஒன்றுதான்.

"எத்தனை பேரைக் கூட்டிட்டுக் கெளம்புனே பீரே? எத்தனை பேரு மிச்சம்?"

அந்தக் கேலியைச் செய்ய அவளுக்கு மட்டும் உரிமை உண்டு. அவள் புருஷன் கர்சாங் தொலைந்தது நான் வழிகாட்டியாகப் போன பயணத்தில்தான்.

கர்சாங் எங்கள் கூடாரத்துச் சமையல்காரன். பிரஷர் குக்கரில் ஆப்பிள் வைத்துக் கேக் செய்வான். விருந்தாளிகள் வாயைப் பிளப்பார்கள். அவனோ எங்களோடு உட்கார்ந்து கேழ்வரகுக் களியைத்தான் தின்பான். அந்த வருடம் கணவாய் ஏறும்போது மேலிருந்து பனி சரிந்தது. மூன்று பேரைத் தோண்டி எடுத்தோம். மூன்று பேருக்கும் உயிர் இருந்தது. வெயில் காலத்தில் பனி கரைந்த பிறகு மறுபடி போய்த் தேடினேன். ஸ்டவ் கிடைத்தது, குக்கர் மூடி கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

எங்கள் தமாங் ஜனத்தில் செத்தவனுக்குக் கேவா செய்தாக வேண்டும். மூன்று நாள் சடங்கு. மூங்கில் சட்டத்துக்கு அவன் துணியை உடுத்தி உட்கார வைத்து, ஊருக்கே சோறு போட்டு, அவனுக்கும் கடைசிக் கிண்ணம் கொடுத்து, லாமா அவன் பெயரெழுதிய தாளை நெய்விளக்கில் எரிப்பார். தாள் முழுக்கச் சாம்பலானால் அவன் போய்ச் சேர்ந்தான். அதுவரை அலைச்சல்தான். ஒருவனுக்கு ஒரே ஒரு கேவாதான் உண்டு.

ஆறு வருடம் மெந்தோ அதற்குச் சம்மதிக்கவில்லை. மாமனார் கெஞ்சினார், திட்டினார், பேச்சை நிறுத்தினார். நாத்தனார் புருஷன் மூங்கில்கூட வெட்டி வைத்துப் பார்த்தான். சாவு வேலையெல்லாம் எங்களில் வீட்டு மாப்பிள்ளையின் பொறுப்பு.

"பொணத்தைக் காட்டுங்க, செய்றேன்" என்பாள். "அந்தாள் கணவாய்க்கு அந்தப் பக்கம் எறங்கி எவளோட அடுப்புலயோ கேக் சுட்டுக்கிட்டு இருந்தா? நான் இங்க சோறு போட்டு வழியனுப்பிட்டா அப்புறம் எப்படி வருவாரு?"

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம். அது சிரிக்கிற பேச்சு இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

ஏழாம் வருடம் அவளே என்னைக் கூப்பிட்டாள். மழைக்காலம் முழுக்க அவன் கனவில் வந்தானாம். வாசலுக்கு வெளியே நனைந்தபடி நிற்கிறானாம். உள்ளே வா என்றால் வருவதில்லை. உப்புத் தேநீர் கொடுத்தால் வாங்கத் தெரியாமல் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானாம்.

"பசியோட நிக்கிறாரு பீரே. ஊருக்கெல்லாம் பொங்கிப் போட்ட மனுஷன். நான்தான் புடிச்சு வச்சிருக்கேன் போல. விட்டுடறேன். ஆனா மூணு நாள் ஊருக்குச் சோறு போட எங்கிட்ட என்ன இருக்கு?"

இங்கேதான் என் நாக்கு அரித்தது. காத்மாண்டுவில் எங்கள் கம்பெனியின் மேனேஜர் சுபோத் என்று ஒருவன். அவனுக்கு வெறும் மலை போதாது, பண்பாடும் வேண்டும். மலையோடு பாட்டு, ஆட்டம், பூசை எல்லாம் சேர்த்தால்தான் பயணம் விற்கும் என்பான். அவனிடம் போனில் வாயைக் கொடுத்தேன். அவன் துள்ளிக் குதித்தான். அரிசி, எருமைக்கறி, எண்ணெய் எல்லாமே கம்பெனி செலவு என்றான். கார்த்திகை மாதத்துக் குழு மூன்றாம் நாள் வந்து சேர்ந்துகொள்ளும், ஓரமாக உட்கார்ந்து பார்க்கும், அவ்வளவுதான் என்றான். நான் பெரிய உபகாரம் செய்துவிட்ட மிதப்பில் மெந்தோவிடம் சொன்னேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

எங்கள் ஊர் லாமா பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்தார். மூன்றாம் நாள், உச்சிக்கு முன்னால் தாளை எரித்துவிட வேண்டும் என்றார். எங்கள் ஊரில் யாருக்கும் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மதியம் திரும்பியதும் பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறும். கூரைத் தகரத்தைத் தூக்குகிற காற்று.

பதினொரு விருந்தாளிகளோடு நான் கிளம்பினேன். நல்ல மனிதர்கள். துக்க வீட்டுக்குப் போகிறோம் என்று நான் சொன்னதால் வண்ணச் சட்டையை மாற்றிக்கொண்டவர்கள்கூட உண்டு. மூன்றாம் நாள் காலையில் ஊருக்கு இரண்டு வளைவு கீழே பாதை சரிந்து கிடந்தது. ஓடை வரை இறங்கி, சுற்றி ஏற வேண்டும். ஒன்பது மணிக்கு மெந்தோவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, நாங்க வர மத்தியானம் ரெண்டு மணி ஆயிடும்."

"லாமா ஆரம்பிச்சுட்டாரே."

அப்போதே சொல்லியிருக்கலாம், எங்களுக்காக நிற்காதீர்கள் என்று. குழுவில் ஒருவர்கூடக் காத்திருக்கச் சொல்லிக் கேட்கவில்லை. பாதை அடைபட்டதைப் பார்த்ததும் குழுவிலிருந்த ஒரு வெள்ளைத்தலை அம்மா, நாம் இல்லாமலே நடக்கட்டும், அது அவர்கள் வீட்டுக் காரியம் என்றுகூடச் சொன்னாள். ஆனால் கேவாவுக்குச் சோறு போட்டவன் முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிக் கிண்ணத்தைத் தொட்டுக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கொடுத்தவன் வராமல் எரித்தால் செத்தவன் அடுத்தவன் சோற்றைத் திருடித் தின்றுவிட்டுப் போன மாதிரி. அது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். கம்பெனி போட்ட சோறு என்றாலும் ஊர்க் கணக்கில் போட்டவர்கள் இந்த விருந்தாளிகள்தான். மாமனார் போனை வாங்கினார்.

"சோறு போட்டவங்களை விட்டுட்டு எப்படிடா எரிக்கிறது? வரட்டும். வந்தே எரிப்போம்."

"காத்து கெளம்பிடுமே மாமா" என்று பின்னாலிருந்து மெந்தோவின் குரல் கேட்டது. பிறகு அவளே போனை வாங்கினாள். "நீ சொல்லு பீரே. நிறுத்தவா, வேண்டாமா?"

நான் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன்.

"ஆறு வருஷம் நின்னவரு அண்ணி. இன்னும் அஞ்சு மணி நேரம் நிக்க மாட்டாரா?"

அவள் சரி என்றாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டரை மணி. ஊரே பசியோடு உட்கார்ந்திருந்தது. மூங்கில் சட்டத்தில் கர்சாங்கின் நீல ஜாக்கெட். எப்போதோ ஒரு விருந்தாளி கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனது. அதைத் தவிர அவன் நல்ல துணி எல்லாம் அவனோடு போய்விட்டது. மெந்தோ அதன் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். பதினொரு பேரும் வரிசையில் உட்கார்ந்து கிண்ணத்தைத் தொட்டார்கள். மெந்தோ அதை ஜாக்கெட்டின் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க. இதான் கடைசி. இனிமே இந்த வீட்டுல உங்களுக்கு ஒண்ணும் கெடையாது. திரும்பிப் பாக்காமப் போங்க" என்றாள்.

அது சொல்ல வேண்டிய வார்த்தை. வீட்டுக்காரி சொல்லியே ஆக வேண்டும். ஆறு வருடம் அவள் சொல்ல மறுத்தது இதைத்தான். சொல்லி முடிக்கும்போது அவள் குரல் உடைந்துவிட்டது.

லாமா தாளை எடுத்தார். நாத்தனார் புருஷனும் இன்னும் நான்கு பேரும் கம்பளியை விரித்துச் சுற்றி மறைத்தார்கள். தாள் பற்றிக்கொண்டது. பாதி எரிந்திருக்கும். ஓரமாகக் காற்று புகுந்து ஒரே அள்ளாக அள்ளியது. தாள் லாமாவின் விரலை விட்டு எழும்பி, அணைந்து, வாசல் கொடிக்கம்பத்தைத் தாண்டி, பள்ளத்தாக்கின் மேலே போய்க்கொண்டே இருந்தது. கருகாத பாதி வெள்ளையாகத் தெரிந்தது.

வெள்ளைத்தலை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் என்னவோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் மெந்தோ.

அவர் ஆன்மா பறந்து போனதைக் கண்ணால் பார்த்துவிட்டோம், வாழ்நாளில் இதை மறக்க மாட்டோம் என்று சொன்னாள். அதை எப்படி மொழிபெயர்ப்பது?

"ரொம்ப வருத்தமா இருக்காம் அண்ணி" என்றேன்.

லாமா, போய்விட்டான், நல்லபடியாகப் போய்விட்டான் என்று இரண்டு முறை சொன்னார். அவர் முகத்தைப் பார்த்த எவரும் நம்பவில்லை. மெந்தோ இரண்டு நாள் பள்ளத்தாக்கில் இறங்கி முள்ளிலும் பாறையிலும் தேடினாள். நானும் குழுவை இன்னொருவனிடம் விட்டுவிட்டு அவளோடு தேடினேன். ஒரு காகிதத் துண்டுகூட அகப்படவில்லை.

அதற்குப் பிறகு அவன் கனவில் வருவதில்லை.

"முன்னாடியாச்சும் வாசல்ல நின்னாரு" என்றாள் ஒரு நாள், அடுப்பை ஊதிக்கொண்டே. "போய்ச் சேந்துட்டாரா, இல்ல திரும்பிப் பாக்காதேன்னு நான் சொன்னதால பாதி வழியில நிக்கிறாரா? யாரைப் போய்க் கேக்கறது?"

நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். "நீ பேசாதே" என்றாள். அதோடு என்னைக் கேலி செய்வதையும் விட்டுவிட்டாள். இப்போதெல்லாம் கூட்டத்தோடு போய் நின்றால் வாங்க என்கிறாள், கட்டிலைத் தட்டிப் போடுகிறாள். திட்டினால்கூடத் தேவலை.

குழுவுக்கு அந்த நாள் மிகவும் பிடித்துப் போயிற்று. சுபோத் அடுத்த பருவத்துக்கும் கேவா வேண்டும் என்றான். யாராவது செத்தால்தானே செய்ய முடியும் என்று நான் கத்தினேன். சும்மா செய்து காட்டினால் போதும், அதே ஜாக்கெட், அதே லாமா என்றான். மெந்தோ துடைப்பத்தை எடுப்பாள் என்று நினைத்துக்கொண்டேதான் போய்ச் சொன்னேன். அவள் துடைப்பத்தை எடுக்கவில்லை.

"காலையிலேயே செய்வாங்களா?"

"அண்ணி, இது சும்மா காட்டறதுக்கு."

"அவங்களுக்குக் காட்டறதுக்கு. தாள் நெசத் தாள்தானே? பேரு எழுதித்தானே எரிக்கணும்? இந்தத் தடவை முழுசா எரிஞ்சுட்டா?"

ஒருவனுக்கு ஒரு கேவாதான் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். அவள் காதில் ஏறவில்லை.

நான்கு வருடமாக நடக்கிறது. பருவத்துக்கு ஆறேழு முறை. குழுவை முந்தைய நாளே கொண்டுவந்து சேர்த்துவிடுகிறேன். காலை ஒன்பது மணி, இலைகூட அசையாது. ஊர்க்காரர்கள் கம்பெனி சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். நாத்தனார் புருஷன் மூங்கில் சட்டத்தைப் பிரிப்பதே இல்லை, கொட்டிலில் சாத்தி வைத்திருக்கிறான். மெந்தோ மட்டும் ஒவ்வொரு முறையும் குளித்து, முடியை அவிழ்த்து, ஜாக்கெட்டின் காலரைச் சரிசெய்து, சாப்பிடுங்க, இதான் கடைசி என்று சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் அவள் குரல் அதே இடத்தில் உடைகிறது. கேமரா வைத்திருப்பவர்களே கேமராவைக் கீழே இறக்கிவிடுகிறார்கள்.

போன பங்குனியில் சடங்கு தொடங்குமுன் லாமாவின் பலகையைத் துடைத்துக் கொடுத்தபோது தாளைப் பார்த்தேன். மடித்திருந்த தாளில் ஓர் எழுத்துகூட இல்லை.

"என்ன லாமா இது?"

"காட்டறதுக்குச் செஞ்ச மொதல் தடவைலேருந்தே இப்படித்தான்" என்றார் அவர் மெதுவாக. "ஒரு தடவை கூப்பிட்டு அனுப்பிச்ச பேரை விருந்தாளிக்காக மறுபடி மறுபடி கூப்பிட என்னால முடியாது. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். அவகிட்ட சொல்றதுன்னா நீயே சொல்லிக்க."

அன்று தாள் அருமையாக எரிந்தது. ஓரம் சுருண்டு, நடு கறுத்து, தட்டில் ஒரு பிடிச் சாம்பலாக விழுந்தது. விருந்தாளிகள் எழுந்து சாப்பிடப் போனார்கள். மெந்தோ அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"நல்லாப் பாத்தியா பீரே? பேரு முழுசா எரிஞ்சுதா?"

"முழுசா எரிஞ்சுது அண்ணி" என்றேன்.

"அப்ப அவரு போய்ச் சேந்ததா ஏன் எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்காக நின்றாள். வெற்றுத் தாள் என்று சொல்லாமல் சாம்பல் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். "அடுத்த கூட்டம் எப்போ வருது?" என்றாள்.