கொம்பில்லாத மானுக்கு ஓர் அனுமதி

எங்களோடு வந்தவர்கள் எல்லாரும் மொன்றியல் ஓரத்து ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் என் கணவர் காடு வாங்கினார். ஜான்-டலோன் சந்தையில் அவர் வேலை செய்த மரக்கறிக் கடைக்குப் பூசணியும் சோளமும் கொண்டுவந்து போடுகிற கமக்காரர் ஒருவர், வயது போய்விட்டதென்று தன் காணியை விற்கப் பார்த்தார். இவர் என்னிடம் ஒரு சொல் கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்தார். மொன்றியலிலிருந்து பாலம் கடந்து, லொங்குய்ய் கடந்து, இன்னும் ஒரு மணித்தியாலம் ஓட வேண்டும். அங்கே வீடில்லை. ஒரு தகரக் கொட்டில், கொஞ்ச அப்பிள் மரங்கள், மிச்சமெல்லாம் அடர்ந்த சீடர் மரங்கள். யாழ்ப்பாணத்தானுக்குத் தன் பெயரில் ஒரு துண்டுக் காணி இல்லாவிட்டால் நித்திரை வராது என்பது எனக்குத் தெரியும். அதற்காக, படுக்க இடமில்லாத காணியை வாங்கிவிட்டு நித்திரை கொள்வதா? வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது என்பது கிழவர்களுக்குச் சொன்னது, உனக்கு நாற்பதிலேயே வந்துவிட்டதா என்று ஒரு சிநேகிதர் பகிடி பண்ணினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

காணியோடு மான்களும் வந்தன. பழைய சொந்தக்காரர் வனவிலங்கு அலுவலகத்தோடு ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். பனிக்காலத்தில் மான்கள் ஒதுங்குகிற சீடர் மரங்களைத் தறிக்காமல் விட வேண்டும், நடுநடுவே புல்லும் செடியும் வளர வெளி விட வேண்டும், அப்பிள் மரங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிக் காட்டைப் பராமரிக்கிற காணிக்காரருக்கு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஓர் அனுமதி அட்டை வரும். அந்தக் காணியில் கொம்பில்லாத மான் ஒன்றை, அதாவது பெண்மானை, சுடலாம். காணிக்காரர் தானே சுடலாம், அல்லது வேட்டை உரிமம் உள்ள ஒருவருக்குக் கையெழுத்து வைத்துக் கொடுக்கலாம். கொம்புள்ள மானைச் சுட யாரும் அனுமதி வாங்கலாம். பெண்மானுக்கு அப்படியில்லை, அளந்துதான் கொடுப்பார்கள். கூட்டம் பெருத்தால் காடும் அழியும், கூட்டமும் அழியும் என்பது அவர்கள் கணக்கு.

இவர் துவக்கைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்கிறவர். ஊரில் துவக்கோடு வந்தவர்களை எல்லாப் பக்கத்திலும் பார்த்தவர். ஆகவே முதல் இரண்டு வருடமும் அட்டையைப் பக்கத்துக் காணிக்காரிக்குக் கொடுத்தார். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், ஐம்பது வயதிருக்கும், பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் பஸ்காரி. சுட்டபிறகு ஒரு பின்னந்தொடையை வெள்ளைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து தருவாள். வறுத்த தூள் போட்டுச் சமைத்தால் ஆட்டிறைச்சி போல இருக்கும். இவர் இரண்டு கோப்பை சோறு சாப்பிடுவார்.

மூன்றாம் வருடம் எனக்கு வயிற்றில் தங்கியது. அதற்கு முன் தங்கிய இரண்டும் நிற்கவில்லை. நான் வேலை செய்தது கார்டெறியில், வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்தில். பகல் முழுக்க மற்றவர்களின் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு, இடையிடையே கழிப்பறைக்குப் போய் உடுப்பில் இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்று கண்டால்தான் மூச்சு வரும். அந்த மூச்சும் அடுத்த தடவை போகும்வரைக்குத்தான். இவர் வேலையிலிருந்து போன் எடுத்தால் எப்படி இருக்கிறீர் என்று கேட்கமாட்டார். நான் ஹலோ சொல்லுகிற குரலைக் கேட்டுவிட்டு, என்ன மரக்கறி கொண்டுவர என்பார்.

ஐந்தாம் மாதத்தில் கந்த சஷ்டி வந்தது. பிள்ளை வேண்டிப் பிடிக்கிற விரதம். முந்தைய வருடங்களில் நான்தான் பிடித்தேன். இம்முறை பட்டினி கிடக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டதால் இவர் தான் பிடிப்பதாகச் சொன்னார். கோயிலுக்குப் போனால் கார் நிறுத்த இடமில்லை என்ற சாட்டில் வெளியிலேயே நிற்கிற மனிதர், பாலும் பழமுமாக இருந்து, விடியத் தோய்ந்து, திருநீறு பூசிக்கொண்டு சந்தைக்குப் போனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மான் வேட்டைக்கு விட்டிருந்த நாட்களும் அதே கிழமையில் வந்து நின்றன.

அம்மாவோடு கதைக்கும்போது நான்தான் வாய் சும்மா இராமல் மான் கதையைச் சொன்னேன். ஊரில் சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த காலம். லைன் கிடைப்பதே பெரிய பாடு, கிடைத்தால் வாயில் வந்ததெல்லாம் கொட்டுவோம். அம்மா போன் வெடிக்கிற மாதிரிச் சொன்னார்.

"மனுசி பிள்ளைத்தாச்சியா இருக்கேக்க புருசன் மரம் தறிக்கப்படாது, பிரேதம் தூக்கப்படாது, ஒரு உசிரையும் கொல்லப்படாது. அதுவும் விரதத்தோட, பெட்டை மானையோ பிள்ளை?"

சாப்பாட்டு மேசையில் இருந்த இவருக்கும் அது கேட்டது. சுடப் போவது இவரில்லையே, பஸ்காரிதானே என்று நான் சமாளிக்கப் பார்த்தேன். இவர் வாழைப்பழத்தை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து என்ர எல்லோ" என்றார்.

அந்தச் சனிக்கிழமை பஸ்காரி அட்டைக்காகக் காணிக்கு வந்தாள். செம்மஞ்சள் மேல்சட்டை, கையில் எங்களுக்கென்று சுட்ட ஒரு கேக். இவருடைய பிரெஞ்சு தக்காளி விற்க மட்டும் காணும். மிச்சத்துக்கு நான்தான் வாய். இந்த வருடம் தரமாட்டோம் என்று சொன்னேன். ஏனென்று கேட்டாள். விரதத்தையும் வயிற்றையும் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளங்கப்படுத்தினேன். அவள் சிரிக்கவில்லை. எங்களைச் சீடர் மரங்களுக்குக் கூட்டிக்கொண்டு போய், மான் பின்னங்காலில் எழும்பி நின்றால் எட்டுகிற உயரம்வரை ஒரு பச்சை இலை இல்லாமல் தின்னப்பட்டிருப்பதைக் காட்டினாள். இரண்டு பனிக்காலம் லேசாகப் போனதால் கூட்டம் பெருத்துவிட்டதாம். இப்போது எந்த மானும் இன்னும் சினைப்படவில்லை, எடுப்பதென்றால் இதுதான் நேரம், நாங்கள் எடுக்காததைப் பனி எடுக்கும் என்றாள். நான் ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார், மாட்டேன் என்று.

அவள் என் வயிற்றைப் பார்த்தாள். கேக்கை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கு ஆறுதலாக இருந்தது. இவரைவிட எனக்குத்தான் பயம் கூட. வாய்க்காரிக்குப் பயமில்லையென்று யார் சொன்னது?

அந்த வருடம் பனி வந்த வரத்தை மொன்றியல்காரர்கள் இன்றைக்கும் கதைப்பார்கள். கொட்டிக்கொண்டே இருந்தது. வாசல்படியில் வழுக்கி விழுந்துவிடுவேனோ என்று இவர் உப்பை அள்ளி அள்ளிப் போட்டார், எங்கள் சப்பாத்தெல்லாம் வெளிறிப் போயின. மெட்ரோப் படியில் யாரும் இடித்தால் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சுவரோரம் நிற்பேன். ஒரு மத்தியானம் பிள்ளை அசையாமல் கிடந்தது. குளிர்ந்த தோடம்பழச் சாறு குடித்துவிட்டு இடப்பக்கம் படுத்தேன், அசைவில்லை. ஆஸ்பத்திரியில் கருவியை வைத்து அந்தத் துடிப்பு கேட்கும்வரை இவர் என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் ஒன்று நெளிந்துவிட்டது. பிள்ளை நித்திரையாம்.

இந்த நேரத்தில்தான் பஸ்காரி போனில் மான்களைப் பற்றிச் சொன்னாள். பனி நெஞ்சளவு நிற்கிறது, அவை சீடருக்குள்ளேயே அடைந்து கிடக்கின்றன, தூரத்திலிருந்து பார்த்தாலே விலா தெரிகிறது. எங்களைக் குறை சொல்லவில்லை. கிட்டப் போகாதீர்கள், கலைந்து ஓடினால் இருக்கிற கொஞ்சச் சக்தியும் போய்விடும் என்று மட்டும் சொன்னாள். நான் இவருக்குச் சொன்னேன். இவருக்கு அதில் காதில் விழுந்தது பசி என்பது மட்டும்தான்.

தைப்பூசத்தன்று கோயிலில் அன்னதானச் சோறு ஒரு கிடாரத்தில் மிஞ்சியது. இவர் அதைக் கேட்டு வாங்கிக் காரில் ஏற்றினார். பசித்த வாய்க்குப் போட்டால் அது பிள்ளைக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. பிறந்தநாளென்றாலும் திவசமென்றாலும் முதலில் யாருக்காவது சோறு போடுவோம். பனியில் இடுப்பளவு புதைந்து புதைந்து போய்ச் சீடர் ஓரத்தில் கொட்டிவிட்டு வந்தார். அடுத்த கிழமை போனபோது ஒரு பருக்கை இல்லையாம். அன்றிலிருந்து சந்தையில் சோளத்தை மூட்டையாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கொண்டுபோய்க் கொட்டினார்.

"வழிச்சுத் துடைச்சுத் திண்டிருக்குதுகள்" என்று வந்து சொல்லும்போது முகம் பூரித்திருக்கும். பஸ்காரிக்குச் சொன்னீர்களா என்று ஒருநாள் கேட்டேன். செய்த தருமத்தை வாயால் சொன்னால் பலன் போய்விடும் என்றார். நானும் சொல்லவில்லை. மான்களைக் கலைக்கக்கூடாதென்று அவள் அந்தப் பக்கமே போகிறதில்லை, ஆகவே அவளுக்குத் தெரிய வழியில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை நன்றாக உதைத்தது. நானும் கணக்கைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டேன்.

மார்ச்சில் பெண்பிள்ளை பிறந்தாள். குறையொன்றும் இல்லை. தாதி அவளை என் நெஞ்சில் போட்டபோது இவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார். இத்தனை மாதமும் எங்கே வைத்திருந்தாரோ தெரியாது, நின்று நிதானமாக அழுதார்.

முப்பத்தொன்றில் பிள்ளை பெற்ற துடக்குக் கழித்த சில நாளில் பஸ்காரி போன் எடுத்தாள். பனி கரைந்துவிட்டது, இரண்டு பேரும் ஒருமுறை வாருங்கள் என்றாள். பிள்ளையைக் காட்டுகிற சந்தோசத்தில் போனோம். அவள் பிள்ளைக்கென்று சின்னத் தொப்பி ஒன்று பின்னி வைத்திருந்தாள், பிள்ளையின் தலையில் போட்டுப் பார்த்தாள். பிறகு வாருங்கள் என்று முன்னே நடந்தாள்.

சீடர் ஓரத்தில், இத்தனை நாளும் பனி மூடியிருந்த இடத்தில், மான்கள் கிடந்தன. ஒன்றல்ல. இவர் சோளம் கொட்டிய இடத்தைச் சுற்றி, படுத்த வாக்கில், கழுத்தை நீட்டிக்கொண்டு. நான் பிள்ளையின் முகத்தைச் சால்வையால் மூடினேன். ஏன் மூடினேனென்று தெரியாது, அவளுக்கு என்ன விளங்கும்? பசியால் செத்ததென்றால் இப்படி ஒரே இடத்தில் கிடக்காதென்று பஸ்காரிக்குச் சந்தேகம் வந்து, ஒன்றை வெட்டிப் பார்த்திருக்கிறாள். இரைப்பை நிறையச் சோளம். பனிக்காலத்தில் மானின் வயிறு குச்சியும் பட்டையும் தின்னப் பழகிவிடும், அதற்குள் திடீரென்று தானியம் போனால் புளித்து நஞ்சாகிவிடும் என்றாள். யார் போட்டது என்று அவள் கேட்கவில்லை. மூட்டைச் சாக்கு ஒன்று அப்பிள் மரத்தடியில் மடித்தபடி கிடந்தது, அவளுக்கும் கண் இருக்கிறது.

இவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லாமல் விடலாமென்று நினைத்தேன். ஆனால் அடுத்த வருடமும் மூட்டை தூக்குவாரே.

"பசியில சாகேல்லையாம். சோளம் திண்டுதான் செத்ததாம்" என்றேன்.

பஸ்காரி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டு, தன் வயிற்றில் கையை வைத்து, பிறகு இரண்டு விரலைக் காட்டினாள். மெதுவாகத்தான் சொன்னாள். பெண்மானுக்கு வழமையாக அத்தனை குட்டிதானாம், இந்தக் காலத்தில் கிட்டத்தட்ட முழுதாக வளர்ந்திருக்குமாம்.

"என்ன சொல்லுறா?"

"ஒண்டுமில்லை. பிள்ளைக்குக் குளிருது, போவம்."

காரில் இவர் சாவியைப் போட்டுவிட்டு ஓட்டாமல் இருந்தார். கண்ணாடியில் பின்னுக்கிருந்த பிள்ளையைப் பார்த்தார்.

"ரெண்டோ?" என்றார்.

ஓம் என்றேன். எங்களுக்குப் போனதும் இரண்டு. லொங்குய்ய் வரும்வரை பிள்ளை மட்டும் முனகிக்கொண்டு வந்தாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் அட்டை திரும்பவும் வந்தது. சஷ்டியும் வந்தது. பிள்ளை கிடைத்ததற்கு நேர்த்தி என்று இவர் விரதத்தை விடவில்லை. ஒரு காலையில், வெறும் வயிற்றோடு, நெற்றியில் திருநீறோடு, எங்களையும் ஏற்றிக்கொண்டு காணிக்குப் போனார். கொட்டிலுக்கு முன்னால் பஸ்காரி செம்மஞ்சள் மேல்சட்டையோடு நின்றாள். இவர் அட்டையைக் கார் மூடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். பிள்ளை என் இடுப்பில் இருந்து இவருடைய திருநீற்றை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்டு காணுமோ எண்டு கேளும்" என்றார்.

நான் கேட்டேன். மிஞ்சிய கூட்டத்துக்கே போதாது என்றாள்.