காந்தத்தில் ஒட்டாத தூள்

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சொட்டுப் பழைய ஆயில். தேய்க்கிறாள், விரல்களைப் பிரிக்கிறாள், மூக்கருகே கொண்டுபோகிறாள், வெயிலில் திருப்பிப் பார்க்கிறாள், மறுபடியும் தேய்க்கிறாள். லாரிக்காரருக்குப் பொறுக்கவில்லை. "என்னக்கா, வண்டி பொழைக்குமா?" என்கிறார்.

"இருங்க, இருங்க. டீசல் வாடை அடிக்குது. எங்கேயோ கசிஞ்சு ஆயில்ல கலக்குது. போன தடவையே சொன்னேனே, காதுல போட்டுக்கிட்டீங்களா?" பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வண்டியின் அடியில் புகுந்துவிடுகிறாள்.

லாரிகள் நிற்கும் மைதானத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு குழி. வண்டி குழியின் மேல் ஏறி நிற்கும், இவள் குழிக்குள் இறங்கி ஆயில் வடிப்பாள். ஆயில் அக்கா என்றுதான் பெயர். இவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிடுகிறார்கள். உட்காரத் தெரியாத பிறவி. கொட்டகையில் இருக்கும் ஒரே நாற்காலியில் ஃபில்டர் பெட்டிகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. டீயை நடந்துகொண்டே குடிப்பாள். பாதி டம்ளரை எவர் வண்டி பம்பரிலாவது வைத்துவிட்டு, அந்த வண்டி கிளம்பிப் போனபிறகு, "என் டீ எங்கே?" என்று சண்டைக்கு வருவாள்.

வீட்டிலும் இதே கூத்துதான். ஒவ்வொரு வண்டியின் ஆயிலிலும் ஒரு சொட்டைச் செய்தித்தாளில் விட்டு உலர்த்துவாள். நடுவில் அடர்ந்த கறுப்பு நின்றால் கரி அதிகம். சுற்றிலும் மஞ்சள் வளையம் பரவினால் டீசல் கலந்திருக்கிறது. கணவர் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன், சாதுவான மனிதர். "இன்னிக்கு யாரு ஜெயிச்சா, யாரு செத்தான்னு ஒண்ணும் தெரியலை. எல்லார் மூஞ்சியிலயும் ஆயில் பொட்டு" என்று காகிதத்தைத் தூக்கிக் காட்டுவார். "உங்களுக்கு எதுக்குங்க அந்தக் கவலையெல்லாம்?" என்றபடி அதையும் பிடுங்கிக்கொண்டு போவாள்.

ஆயிலைவிட அவள் அதிகம் நம்புவது பழைய ஃபில்டரை. தகரம் வெட்டும் கத்திரியால் அதைப் பிளந்து, உள்ளேயிருக்கும் காகித மடிப்புகளைப் பிரித்து வெயிலில் விரிப்பாள். மினுங்கும் தூளின்மேல் காந்தத்தை ஓட்டுவாள். ஒட்டினால் இரும்பு, இன்ஜினுக்குள் பிஸ்டன் ரிங் தேய்கிறது, அது உரசி ஓடும் லைனர் தேய்கிறது. ஒட்டாமல் செம்பு நிறத்தில் மினுங்கினால் இன்ஜின் தண்டைத் தாங்கும் பேரிங்கின் மேல்பூச்சு போய் அடிச்செம்பு தேய ஆரம்பித்துவிட்டது. "இரும்புன்னா வண்டி இருமிக்கிட்டே ஊர் போய்ச் சேர்ந்துடும். செம்புன்னா பேச்சே கிடையாது, நடுரோட்டுல நின்னுடும்" என்பாள்.

அவளுக்கும் தம்பிக்கும் பொதுவில் ஒரு கிழட்டு லாரி உண்டு. ஓட்டுவது தம்பி, உடம்பு பார்ப்பது அக்கா. தம்பி பெண்டாட்டி பிரசவத்துக்குப் போனது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாய்வீட்டுக்கு. பெண் குழந்தை பிறந்துவிட்டது. தம்பி இன்னும் நேரில் பார்க்கவில்லை. போனைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு அலைகிறான். கடைசியில் மலை தாண்டி ஒரு லோடு அமைந்தது. போகும்போது லோடு, திரும்பும்போது தாயும் பிள்ளையும் கேபினில். ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

கிளம்பும் அன்று காலையில் லோடு ஏற்றிய வண்டி கொட்டகை முன் நின்றது. தம்பி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான். அக்கா வழக்கம்போல ஆயில் அளவுக் கம்பியை உருவினாள். மையாகக் கறுத்திருக்க வேண்டிய ஆயில், பால் ஊற்றாத டீயின் நிறத்தில் சொட்டியது.

சுத்தமான ஆயிலைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் அந்த மைதானத்தில் இவள் ஒருத்திதான். பழைய டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றினால் கொஞ்ச தூரம் ஓடுவதற்குள் கறுத்துப்போகும். இது கறுக்கக்கூட நேரமில்லாத ஆயில், இவள் ஊற்றாத ஆயில்.

"எப்படா மாத்துன?"

"நேத்து, வர்ற வழியில ரோட்டோரக் கடையில. சும்மாதான்க்கா."

"சொந்தக் கடையை வச்சுக்கிட்டு எவனாவது சும்மா வெளியில ஆயில் மாத்துவானா? யார் காதுல பூ சுத்துற?"

அதற்குள் குழிக்குள் இறங்கிவிட்டாள். அவள் மாட்டுகிற ஒவ்வொரு ஃபில்டரிலிருந்தும் இன்ஜின்வரை ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு இழுப்பாள்; கழற்றினால் கோடு விலகும். கோடு விலகாமல் நின்றது. ஆயிலை மாற்றியவன் ஃபில்டரை மறந்துவிட்டான். கழற்றினாள், பிளந்தாள், மடிப்புகளைப் பிழிந்து விரித்தாள். தூள் மினுங்கியது. காந்தத்தை ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள். காந்தத்தைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை ஓட்டினாள். ஒன்றும் ஒட்டவில்லை. அத்தனையும் செம்பு.

"சத்தம் கேட்டுச்சா?"

தம்பி துணியை முறுக்கினான். "ஏத்தத்துல லேசா டொக்கு டொக்குன்னுச்சு. கெட்டி ஆயிலா ஊத்துனேன். அடங்கிடுச்சு."

"சத்தம் அடங்கும்டா, தேய்மானம் அடங்குமா? இறக்கத்துல இன்ஜின் இறுகி நின்னுட்டா, அது அடைக்கிற காத்து இல்லாம பிரேக் எப்படிப் பிடிக்கும்? உள்ள யாரு இருப்பாங்கன்னு நெனச்சுப் பார்த்தியா?"

"உன்கிட்ட காட்டினா நிறுத்திடுவே!" என்று கத்தினான். "நிறுத்தினா எப்பக்கா போறது? பாப்பாவுக்குச் சிரிக்கத் தெரியுதாம். எல்லாரும் பார்த்துட்டாங்க, பெத்தவன் நான் பார்க்கலை. போய்ட்டு வந்து உன்கிட்ட விடலாம்னு இருந்தேன். நான் பத்திரமா ஓட்ட மாட்டேனா?"

"நீ ஓட்டுவே. வண்டி ஓடணுமே."

அவளுந்தான் பார்க்கவில்லை அந்தக் குழந்தையை. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "லோடை வேற வண்டிக்கு மாத்திவிடு. நீ இப்பவே பஸ் ஏறு. வரும்போது மூணு பேரும் பஸ்லயே வாங்க. பேரிங்கை நான் பார்த்துக்கறேன்."

"என் பொண்ணை என் வண்டியில கூட்டிட்டு வரணும்க்கா" என்றான். இந்த முறை கத்தவில்லை. டயரில் சாய்ந்துகொண்டு எங்கோ பார்த்தான்.

அவன் சாவியைத் தரப்போவதில்லை என்று தெரிந்தது. தானே எடுத்துக்கொள்ளலாம் என்று அக்கா கேபினில் ஏறினாள்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால், அவன் படுக்கிற பலகையில், ஒரு சின்ன மெத்தை விரித்திருந்தது. மேலே வெள்ளைத் துணி. குழந்தை உருண்டு விழாதபடி விளிம்பில் ஒரு மரச்சட்டம். முனைகளை உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தான். இதை எப்போது செய்தான் என்று அவளுக்குத் தெரியாது. ஸ்டியரிங் அருகே சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்கவில்லை.

விரலெல்லாம் கறுப்பு ஆயிலும் செம்புத் தூளுமாக இருந்ததால், அந்த மெத்தையை இரண்டு முழங்கைகளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பிடிமானம் இல்லாமல், படி படியாகத் தடவித் தடவிக் கால் வைத்து இறங்கி வந்து, துணியில் ஒரு பொட்டுக் கறைகூடப் படாமல் தம்பியிடம் நீட்டினாள்.

"பஸ்ல மடியில விரிச்சுக்க" என்றாள்.