இறங்கிப் பாருண்ணே

மரவாடியில் அவனுக்கு நிதானம் என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு, அதை யாரும் கூப்பிட்டதில்லை. சின்ன டிராக்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, சரிவில் வெட்டிப் போட்ட மரங்களைக் கீழே லாரி நிற்கும் இடத்துக்கு இழுத்து வருவதுதான் அவன் வேலை. மற்றவர்கள் இருபது மரம் இழுக்கிற நேரத்தில் அவன் பன்னிரண்டு இழுப்பான்.

மரத்தில் சங்கிலியைப் போடும் முன்பு, அது வரப்போகிற தடத்தை நடந்தே பார்த்துவிட்டு வருவான். கல் கிடந்தால் உருட்டித் தள்ளுவான். மண்ணுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அடிக்கட்டைகளைக் கணக்கில் வைத்துக்கொள்வான். பழைய தகர டிரம்மைப் பாதியாக அறுத்து ஒரு தொப்பி செய்து வைத்திருந்தான். அதை மரத்தின் மூக்கில் மாட்டினால் மரம் மண்ணைக் குத்தாமல் வழுக்கிக்கொண்டு வரும். சரிவுக்குக் குறுக்கே ஓட்டவே மாட்டான், ஏறினாலும் இறங்கினாலும் நேர்க்கோடுதான். சங்கிலியை எப்போதும் பின் அச்சுக்குக் கீழே, தாழ்வாக இருக்கும் கொக்கியில் மட்டுமே கட்டுவான்.

"மேல கட்டினா மரத்தோட மூக்கு தூக்கிக்கும், சுலபமா வரும். அதான் எல்லாருக்கும் ஆசை. ஆனா மரம் எதுலயாவது மாட்டிக்கிச்சுன்னா வண்டி முன்னாடி போகாது, மல்லாக்க விழும். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஸ்டீயரிங் நெஞ்சு மேல இருக்கும்" என்பான். கேட்டவர்களுக்கும் சொல்வான், கேட்காதவர்களுக்கும் சொல்வான்.

"மரத்துக்குத் தொப்பி போட்டாச்சு, ஒரு ஜோடி செருப்பும் வாங்கிப் போட்டுடு" என்று சுமை ஏற்றுகிறவர்கள் கேலி செய்வார்கள். அவன் சிரித்துக்கொள்வான். பதினாறு வருஷத்தில் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அந்தத் தலைக்கனம் அவனுக்கு உள்ளுக்குள் நிறையவே இருந்தது.

வம்பு அந்த டிராக்டரின் பாதுகாப்புக் கம்பியால் வந்தது. வண்டி புரண்டாலும் ஓட்டுகிறவன் நசுங்காமல் இருக்க, இருக்கைக்குப் பின்னால் தலைக்கு மேலே வளைந்து நிற்கிற கம்பி அது. தாழ்ந்த கிளைகளில் அடிக்கடி சிக்கி நேரம் வீணாகிறது என்று மரவாடி முதலாளிக்கு எரிச்சல். ஒரு காலையில் நிதானம் வேலைக்கு வந்தபோது கம்பி அடியோடு அறுக்கப்பட்டு, சுவரோரம் சாய்ந்து கிடந்தது.

"இது இல்லாம நான் ஏற மாட்டேன் முதலாளி."

"ஏற வேண்டாம். வீட்டுக்குப் போ. ஏறுறதுக்கு ஆளா இல்ல?"

ஆள் இருந்தது. அவன் தங்கச்சியின் புருஷனே இருந்தான். மரவாடிக்குள் எடுபிடி வேலை செய்துகொண்டு, சமதரையில் டிரெய்லர் ஓட்டிப் பழகியவன். சரிவில் ஓட்டியதே இல்லை. ஆனால் வாயும் சிரிப்பும் தாராளம். மத்தியானத்துக்குள் அவன் அந்த இருக்கையில் உட்கார்ந்துவிட்டான். நிதானத்துக்கு அது முகத்தில் காறித் துப்பியதுபோல் இருந்தது.

அன்று சாயங்காலம் தங்கச்சி வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள்.

"அண்ணே, கோவத்தை எல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். அவருக்குச் சரிவுல ஓட்டத் தெரியாது. ரெண்டு வார்த்தை சொல்லிக் கொடுத்துடு."

"சொல்லித் தர்றதுக்கு என்ன? மாப்பிள்ளை வந்து கேக்கட்டும்."

"அவர் வர மாட்டார்னு உனக்குத் தெரியும்."

"அப்ப எனக்கென்ன வந்துச்சு?"

அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

பதினோராம் நாள் காலை பத்து மணி இருக்கும். வேறு மரவாடியில் வேலை கேட்கப் போன நிதானம், சரிவின் அடிவாரச் சாலையில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். மேலே இன்ஜின் முக்குகிற சத்தம். நிமிர்ந்து பார்த்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். மாப்பிள்ளை மேட்டைப் பார்த்து வண்டியை நிறுத்தி, பள்ளத்தில் உருண்டு கிடந்த பெரிய மரம் ஒன்றை மேல்நோக்கித் தடத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தான். மரத்துக்குத் தொப்பி இல்லை. சங்கிலி இருக்கைக்கு நேர் பின்னால், மேல் துளையில் கட்டியிருந்தது. மரத்தின் மூக்கு ஓர் அடிக்கட்டையில் முட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு முறை ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதும் முன்சக்கரங்கள் ஒரு சாண் தூக்கி, மறுபடி மண்ணில் விழுந்தன.

நிதானம் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றான். வாய்வரை வார்த்தை வந்தது.

அதற்குள் மாப்பிள்ளை அவனைப் பார்த்துவிட்டான். கையை ஆட்டி, "என்ன நிதானம் மச்சான், வேலையில்லாம வேடிக்கையா?" என்று சத்தம் போட்டான். பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

வந்த வார்த்தை உள்ளே போய்விட்டது. ஒரு தடவை தூக்கிப் போடட்டும், பயந்து நடுங்கட்டும், அப்புறம் தானாகவே என் வாசலுக்கு வருவான் என்று நினைத்தான். அதற்குமேல் எதையும் நினைக்கவில்லை, பெடலை மிதித்துவிட்டான்.

வளைவைத் தாண்டுவதற்குள் இன்ஜின் சத்தம் திடீரென்று ஏறி, அப்படியே அறுந்தது.

வண்டிக்குக் கீழே இருந்து மாப்பிள்ளையை எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஓடிவந்த முதலாளி, டீசல் ஒழுகுகிறதே என்றுதான் முதலில் கத்தினார். கூடி நின்றவர்கள் முகத்தைப் பார்த்த பிறகே, "ஐயோ பாவம்" என்றார். சாயங்காலத்துக்குள், "நான் மேல கட்டச் சொல்லவே இல்ல, அவனா இஷ்டத்துக்குக் கட்டினது" என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

மறுநாள் தங்கச்சி வீட்டு முன்னறையில் கால் வைக்க இடமில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று நிதானத்தைத்தான் கேட்டார்கள். டிராக்டரைப் பற்றித் தெரிந்தவன் அவன்தானே. அவனும் சொன்னான். சொல்லச் சொல்ல, பதினாறு வருஷமாகச் சொல்லி வந்த பழக்கம் அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. குரலில் கொஞ்சம் மிடுக்குக்கூட வந்தது. இடது உள்ளங்கையை வண்டியாகவும், வலது கை விரலை மரமாகவும் வைத்துக் காட்டினான்.

"இங்க மேல் துளையில சங்கிலி. அடிக்கட்டை மரத்துக்கு இடது பக்கம் முட்டிக்கிட்டு இருந்துச்சு. அதை ரிவர்ஸ் எடுத்துக் கழட்டி இருக்கணும். மிதிக்க மிதிக்க முன்சக்கரம் ஒரு சாண் தூக்குது, விழுது, தூக்குது..."

உள்ளறைக் கதவருகே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தங்கச்சி தலையைத் தூக்கினாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"ஒரு சாண்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் கைகள் அந்தரத்தில் நின்றன.

"அடிக்கட்டை இடது பக்கம்னு எப்படித் தெரியும் அண்ணே? வண்டியையும் மரத்தையும் நேத்தே இழுத்துட்டுப் போயிட்டாங்க. நீ அப்ப அங்க இருந்தேன்னு யாரும் எங்கிட்ட சொல்லலியே?"

ஒருவர் இருமினார். நிதானம் பொய் சொல்லத் தெரிந்தவன் இல்லை. தெரிந்திருந்தாலும் அந்த நேரத்தில் வந்திருக்காது.

"ரோட்டுல போனேன்" என்றான்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"இறங்கலியா?"

அவன் தூக்கிய கைகளைக் கீழே போட்டான். அவள் அடிக்கவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, அவன் முகத்தைப் பார்க்காமல் அவனைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து முதலாளி நிதானத்துக்கு ஆள் அனுப்பினார். அதே டிராக்டரை நெளிசல் எடுத்து வைத்திருந்தார்கள். பாதுகாப்புக் கம்பி திரும்ப வந்திருந்தது. இருக்கை பெல்ட்டுகூடப் புதிதாகப் போட்டிருந்தார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி மிரட்டியதால் வந்த ஞானம். சரிவில் இன்னும் பாதி மரம் கிடந்தது. வேறு யாரும் அந்த வண்டியில் ஏறச் சம்மதிக்கவில்லை. நிதானம் ஏறினான், அவனுக்கு வேறு வேலை தெரியாது.

இனிமேல் சங்கிலி கட்டத் தனியாக ஒரு ஆள் வேண்டும் என்றும் அதிகாரி சொல்லியிருந்தார். தங்கச்சி வந்து நின்றாள்.

"எனக்குக் குடுங்க அந்த வேலையை" என்று முதலாளியிடம் கேட்டாள். அவளை எதிர்த்துப் பேசும் நிலையில் அவர் இல்லை.

முதல் நாள் முதல் மரம். அவள் தொப்பியை மாட்டினாள், சங்கிலியைத் தாழ்ந்த கொக்கியில் போட்டு முறுக்கு விழாமல் இழுத்துப் பார்த்தாள். ஒரு குற்றம் சொல்ல முடியாது. சங்கிலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இறங்கிப் பாருண்ணே."

"சரியாத்தான் கட்டியிருக்கே. இங்கேருந்தே தெரியுது."

"இறங்கிப் பாரு."

அவன் இறங்கினான். பார்த்தான், ஏறினான். மரத்தை லாரியிடம் விட்டுவிட்டு வந்தான். இரண்டாவது மரம். "இறங்கிப் பாருண்ணே." மூன்றாவது மரம். நான்காவது. அவன் இறங்காவிட்டால் அவள் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டாள். ஆள் பக்கத்தில் நிற்கும்போது வண்டியை எடுக்கக் கூடாது என்பது அவனே ஊருக்கெல்லாம் சொன்ன சட்டம்.

சுமைக்காரர்களுக்கு முதல் வாரம் அது வேடிக்கையாக இருந்தது. இரண்டாவது வாரம் அவர்கள் சிரிப்பதை விட்டுவிட்டார்கள். மூன்றாவது வாரம் அவள் வாயைத் திறக்கும்போது வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மரம், பன்னிரண்டு முறை. அவனுடைய வலது முழங்கால் ஏற்கெனவே தேய்ந்தது. மழைக்காலத்தில் அது வீங்கிப் பந்துபோல் ஆனது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி இறங்குவான். அவள் கை கொடுக்க மாட்டாள். வேறு ஒரு பேச்சும் கிடையாது. சாப்பாட்டு வேளையில்கூட வண்டிக்கு அந்தப் பக்கம்தான் உட்காருவாள்.

ஏழாம் மாதம் ஒரு நாள், அவன் இறங்கியவன் ஏற முடியாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போதும்மா. கொன்னுடு, இல்ல விட்டுடு. நான் கத்தியிருந்தாலும் மாப்பிள்ளை கேட்டிருக்க மாட்டார். உனக்கே தெரியும்."

"தெரியும்" என்றாள் அவள். "கேட்டிருக்கவே மாட்டார். உன்னைப் பாத்து இன்னும் ரெண்டு கிண்டல் அடிச்சுட்டு, அதே துளையிலதான் கட்டியிருப்பார். அவர் செத்ததுக்கு நான் உன்னை ஒண்ணும் சொல்லலண்ணே."

"அப்புறம் ஏன் என்னை இப்படிப் பண்றே?"

"நீ சைக்கிள்ல இருந்து இறங்கலைல்ல. அதுக்கு."

முழங்கால் வலியால் அவன் ஓட்டும் வேலை அந்த மாதத்தோடு முடிந்தது. இரக்கப்பட்டோ, விசாரணைக்குப் பயந்தோ, முதலாளி அவனை மரவாடி கேட்டில் காவலுக்குப் போட்டார். டிராக்டரில் யார் ஏறுவது என்ற பேச்சு வந்தபோது தங்கச்சி சாவியை எடுத்துக்கொண்டாள். எத்தனையோ மரத்துக்கு அவன் பண்ணியதைப் பார்த்துப் பார்த்து, அவளுக்கு அந்தச் சரிவு உள்ளங்கையாகிவிட்டது. சங்கிலி கட்ட வேறொரு பெண்ணை வைத்தார்கள். சரிவில் கிடந்த மிச்ச மரங்களை, ஒருவருக்கும் ஒரு காயம் இல்லாமல் அவளே இழுத்து முடித்தாள்.

வேலை முடிந்து தினமும் வண்டி கேட்டுக்கு வரும். அவன் நாற்காலியிலிருந்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து பிடிப்பான். அவள் கண்ணாடியைப் பார்த்து, இரண்டு பக்கமும் பார்த்து, மெதுவாக உள்ளே ஓட்டிப் போவாள். நல்லாத்தான் ஓட்டுறா என்று அவன் ஒரு முறை பக்கத்தில் நின்ற லாரிக்காரரிடம் சொன்னான். அவர் தலையாட்டிவிட்டு வேறு பேச்சை எடுத்தார்.