பாலத்துக் கொல்லை எல்லன் டீச்சர்

எல்லன் டீச்சர் உற்றார் உறவினர் ஒருவரும் இல்லாத அநாதையாக வாழ்ந்து மறைந்தார் என்று பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். அது அப்படி இல்லை என்று எழுந்து சொல்லவில்லை. அப்படித்தான் என்றும் சொல்லவில்லை. அவரிடம் படித்தவர்களும் பழகியவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால், அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

கோடை விடுமுறைக்கு நான் அரூரில் என் பெற்றோர் வீட்டில் இருந்தபோது செய்தி வந்தது. தர்மபுரி பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் வாசலில் நின்று, "எல்லம்மா டீச்சர் தவறிட்டாங்க. விஷக்காய்ச்சலாம். வூட்டுக்காரம்மா சொல்லி அனுப்புனாங்க" என்றார். அடுத்த நடைக்கு நேரமாகிவிட்டது என்று உடனே போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, நானும் டீச்சரும் தங்கியிருந்த அறை கழுவிவிடப்பட்டு ஈரமாக இருந்தது.

அவருடைய முழுப்பெயர் எல்லன் ஹெபிள்த்வெயிட். ஊரில் எல்லன் எல்லம்மா ஆகிவிட்டது. பின்பாதியைப் பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்து, தடுக்கி விழுந்து சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். "பெருசா தெச்ச பாவாடை மாதிரி இந்தப் பேரு. வளந்தா சரியாயிடும்னு பாத்தேன், இன்னும் ஆகலை" என்பார்.

அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது என்பதை ஒரு சனிக்கிழமை துணிகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார். அவருடைய அம்மா பென்னாகரம் பக்கத்துப் பெண். தொப்பூர் கணவாயில் சாலை போட வந்த துரையின் பங்களாவில் வேலைக்கு இருந்தவர். பிள்ளை பிறக்குமுன் துரை சீமைக்குப் போய்விட்டார். பிள்ளையைச் சேலத்தில் மிஷன் விடுதியில் விட்டபோது, தகப்பன் பேர் என்ன என்று கேட்டார்கள். எல்லோரும் துரையைக் கூப்பிட்ட குடும்பப் பெயர் ஒன்றுதான் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவருக்கென்று வைத்த பெயர் தெரியாது. சில வருடங்களில் அம்மாவும் இறந்துவிட்டார். "எங்கிட்ட இருக்கிற சொத்து அந்தப் பேரு ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

ஒரே பள்ளியில் வேலை பார்த்த நாங்கள் இருவரும் குடியிருந்த வீடு பொன்னம்மாளுடையது. அதியமான்கோட்டையில் நிலமுள்ள குடும்பத்து விதவை. யாரைப் பார்த்தாலும் முதலில் எந்தக் கூட்டம், யார் வகையறா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். எல்லன் டீச்சரிடம் மட்டும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்று அவருக்கு நெடுநாள் குறை.

யுத்த காலத்தில் தீர்த்தமலைப் பக்கம் இரும்புக் கல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். தபால்காரர் அவருக்கு வந்த கடிதத்தை எல்லன் டீச்சரிடம் கொடுத்துவிட்டார். ஹெபிள்த்வெயிட் என்ற பெயரில் இரண்டு பேர் இருக்க முடியும் என்று தபால்காரருக்குத் தோன்றவில்லை. டீச்சர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிய மறுவாரம், ஆர்தர் ஹெபிள்த்வெயிட் நேரில் வந்து எங்கள் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். தம் குடும்பத்துக்கு வெளியே அந்தப் பெயரோடு ஒருவரைப் பார்ப்பது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை என்றார்.

அன்று முற்றத்து மண்ணில் குச்சியால் கீறி அவர் பெயரின் கதையைச் சொன்னார். முதல் பாதி, ஓடையின் மேல் போடும் ஒடுக்கமான பலகைப் பாலம். மறுபாதி, காட்டை வெட்டித் திருத்திய நிலம். யார்க்‌ஷயர் மலைப்பக்கத்தில் அப்படி ஓர் இடம் இருந்தது. அங்கிருந்து இறங்கி வந்தவர்களுக்கு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கத்தைத் தாண்டினால் பெயர் அரிது; லண்டனிலேயே எழுத்துக்கூட்டிச் சொல்லவேண்டும். இந்தப் பெயர்க்காரர் யாரைக் கண்டாலும் உறவுதான் என்று தம் தாத்தா சொல்வார் என்றார். நான் தமிழில் சொல்லச் சொல்லப் பொன்னம்மாள் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்பப் பாலத்துக் கொல்லை வகையறான்னு சொல்லுங்க. எங்களுக்கும் அப்படித்தானுங்க வச்சிருக்குது. இதுக்குப் போயி மண்ணெல்லாம் கீறணுமா?"

எல்லன் டீச்சர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு தட்டை எடுத்துவந்து, அந்தக் கோடுகளின் மேல் கோழி நடக்காதபடி கவிழ்த்து வைத்தார்.

அதன் பிறகு ஆர்தர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். வெள்ளைக்காரக் கலப்பு என்பதால் டீச்சரைத் தெருவில் சட்டைக்காரி என்பார்கள். சட்டைக்காரிக்கு மாப்பிள்ளை வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். மழைக்காலம் முடிந்தபோது அவர் எல்லன் டீச்சரைத் தம்மை மணந்துகொள்ளக் கேட்டார். டீச்சர் யோசிக்க ஒரு வாரம் கேட்டார். யோசிக்க ஒன்றுமில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதைப் பொன்னம்மாளிடம் சொன்னபோது அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரே வகையறாவுல பொண்ணு எடுப்பாங்களா? அண்ணன் மொறை ஆவுதுங்களே."

"எங்கள்ல அந்த வழக்கம் இல்லீங்கக்கா" என்று டீச்சர் சிரித்தார்.

"வழக்கம் இல்லாட்டிப் போவுது. ஊருல இல்லாத பேருன்னு அவரே சொல்றாரு. அவங்க அப்பாரு இந்தப் பக்கம் வந்தவரான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

டீச்சர் அதற்கும் சிரிக்கத்தான் தொடங்கினார், பாதியில் நின்றுவிட்டது.

அந்த வாரம் அவர் கண்ணாடி முன் நின்றதைப் பலமுறை பார்த்தேன். நெற்றியைப் பார்ப்பார். காதோர முடியை ஒதுக்கிக் காதைப் பார்ப்பார். வியாழக்கிழமை கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார். அந்தப் பெயர் எங்கள் அறையில் மூன்றாவது ஆள் போல் உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேநீர் ஊற்றிக்கொண்டே, உங்கள் தந்தை எப்போதாவது இந்தியாவுக்கு வந்ததுண்டா என்று கேட்டார். ஆர்தர் உற்சாகமாகச் சொன்னார். தாம் சிறு பிள்ளையாக இருந்தபோது சில வருடங்கள் மதராஸ் மாகாணத்தில் எங்கோ சாலை வேலையில் இருந்தாராம். அதைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டாராம். அதனாலேயே இங்கே வரத் தமக்கு ஆசை வந்தது என்றார். டீச்சர் தேநீரைச் சிந்தவில்லை. சர்க்கரை போதுமா என்று கேட்டார். எந்தச் சாலை என்று கேட்கவில்லை.

அவர் போன பிறகு நான் பொறுக்காமல், கேட்டுவிடுங்கள் அக்கா என்றேன். கேட்டால் வேறு ஊராகவும் இருக்கலாம் அல்லவா?

"கேட்டுத் தெரிஞ்சா ரெண்டுல ஒண்ணு போயிடும் சரோஜா. வூட்டுக்காரரா, அண்ணனா, ஒருத்தர்தான் மிஞ்சுவாரு. கேக்காட்டி ரெண்டு பேரும் இருப்பாங்க. எனக்கு யாரையும் எழந்து பழக்கம் இல்லை. இருந்தாத்தானே எழக்கறதுக்கு."

பள்ளியை விட்டு வர மனமில்லை என்று ஆர்தருக்குச் சொல்லி அனுப்பினார். அவர் இரண்டு முறை வந்து காரணம் கேட்டார். பிறகு கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போனார். கிறிஸ்துமஸுக்குக் கடிதம் எழுதுவார். இவரும் பதில் எழுதுவார்.

அதற்குப் பின் விடுமுறை நாட்களில் டீச்சர் பஸ் ஏறித் தொப்பூருக்குப் போய்வந்தார். ஒருமுறை என்னையும் அழைத்துப்போனார். கணவாய்ச் சாலையில் குரங்குகளைத் தவிர யாருமில்லை. சாலையோரக் கற்சுவரைக் கையால் தடவிக்கொண்டே நடந்தார். வளைவுக்கு வளைவு நின்று, யாரோ பின்னால் வருவதுபோலத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். திரும்பி வரும்போது, "நல்லாத்தான் போட்டிருக்காரு, யாரா இருந்தாலும்" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு பழக்கம். புதிதாகச் சேரும் பெண்ணிடம் அவர் வகுப்பில் எல்லோர் முன்னும் தகப்பன் பெயரைக் கேட்கமாட்டார். பக்கத்தில் போய்க் குனிந்து, "உன்னை என்னான்னு கூப்பிடட்டும்?" என்பார். இந்த ஜூன் மாதம் நானும் அப்படித்தான் கேட்டேன். ஒரு பெண் நெடுநேரம் யோசித்துவிட்டுத் தன் பெயரைச் சொன்னாள்.

ஆர்தருக்கு நான் கடிதம் எழுதியிருந்தேன். இரங்கல் கூட்டம் முடிந்த பத்துப் பதினைந்து நாளில் அவர் வந்தார். முற்றத்தில் நாற்காலி போட்டுப் பொன்னம்மாள் காப்பி கொடுத்தார். பிறந்த வீட்டுக் கோடி விழாமல் டீச்சர் போய்விட்டார், அதுதான் மனசு ஆறவில்லை என்று சொல்லி அழுதார். என்ன சொல்கிறார் என்று ஆர்தர் என்னைக் கேட்டார். ஒரு பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுத்துணி வந்து அவள் மேல் போர்த்தவேண்டும், தகப்பனோ அவர் இல்லையென்றால் அண்ணன் தம்பியோ கொண்டுவருவார்கள் என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அவர் கடைவீதியில் ஒரு வெள்ளைப் புடவை வாங்கினார். கல்லறைத் தோட்டத்தில் மண்மேட்டின் மேல் அதை விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்தார். பிறகு ரயில் பிடிக்க மொரப்பூர் போகும் பஸ்ஸில் ஏறினார்.